விண்டோஸ் 98-ல் பென் டிரைவ் எடுக்கவில்லை: அப்பாவின் டிடிபி ஃபைல்களை எப்படி வெளியே கொண்டு வருவது?

அச்சுக்கூடம்:
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியில் அப்பா 1999-லிருந்து டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். அந்தக் காலத்து சிஸ்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பென்டியம் 3, 128 எம்பி ராம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 6.5. தமிழ் எழுத்துரு சாஃப்ட்வேருக்கான பூட்டு பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றினால் தமிழில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது.

2003 கும்பாபிஷேகத்துக்கு அப்பா அடித்துக் கொடுத்த தலபுராணத்தை மறுபடி அச்சிட வேண்டும் என்று கோயிலில் கேட்கிறார்கள். அந்த ஃபைல் இந்த சிஸ்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. கூடவே இருபது வருட அழைப்பிதழ், சிறுபத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3 ஜிபி. சிடி ரைட்டர் படிக்கிறது, எழுத மாட்டேன் என்கிறது. ஃப்ளாப்பி என்றால் 1.44 எம்பி வீதம் இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். இன்டர்நெட் இணைப்பு கிடையாது.

16 ஜிபி பென் டிரைவைச் செருகினால் புது ஹார்ட்வேர் வந்திருக்கிறது என்று சொல்லி டிரைவர் கேட்கிறது. தெரியாமல் இரண்டு மூன்று முறை கேன்சல் அடித்துவிட்டேன். இப்போது கேட்பதுகூட இல்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறிதான் நிற்கிறது. ஆனால் யூஎஸ்பி மவுஸ் அதே போர்ட்டில் நன்றாக வேலை செய்கிறது. போர்ட் கெட்டுப்போகவில்லை என்றுதானே அர்த்தம்? யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய பெட்டி:
போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. மவுஸ், கீபோர்டு மாதிரி சாமான்களுக்கான பொது டிரைவர் 98-லேயே உண்டு. பென் டிரைவுக்கான பொது டிரைவர் அதில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

செருகியவுடன் பென் டிரைவ் தன்னைப் பற்றி இரண்டு தகவல் சொல்லும். ஒன்று, தயாரித்த கம்பெனியின் எண்ணும் மாடல் எண்ணும். இன்னொன்று, "நான் சேமிப்புச் சாதனம்" என்கிற வகை எண், அதாவது 08. விண்டோஸ் எம்இ, 2000, எக்ஸ்பி மூன்றும் அந்த 08-ஐப் பார்த்தவுடனே தன்னிடம் இருக்கும் பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். 98-க்கு 08 என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் கம்பெனி எண்ணை வைத்துக்கொண்டு "இதற்கான டிரைவர் டிஸ்க்கைக் கொடு" என்று கேட்கிறது. அந்தக் காலத்துப் பென் டிரைவ்களோடு குட்டி சிடி ஒன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? அதற்காகத்தான். அந்த சிடி அந்த மாடலுக்கு மட்டும்தான் உதவும்.

முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ். அங்கே 4.10.1998 என்று இருக்கிறதா, 4.10.2222 ஏ என்று இருக்கிறதா? முன்னது 1998-ல் வந்த முதல் பதிப்பு, பின்னது 1999-ல் வந்த செகண்ட் எடிஷன். நான் சொல்லப்போகும் வழி செகண்ட் எடிஷனுக்குத்தான் பொருந்தும்.

ரீபூட்:
எதற்கு இவ்வளவு சிரமம்? அதன் மேலேயே எக்ஸ்பி போட்டுவிடுங்கள். பென் டிரைவ் தானாக எடுக்கும்.

பழைய பெட்டி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 98-க்கு எழுதிய பூட்டு டிரைவர் எக்ஸ்பியில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பூட்டு வேலை செய்யாவிட்டால் ஃபைல் பத்திரமாக இருக்கும், ஆனால் அதில் ஒரு வரி திருத்த வழி இருக்காது. ஓடுகிற சிஸ்டத்தை நகல் எடுத்து வைக்காமல் அதன் மேல் வேறு ஓஎஸ் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அச்சுக்கூடம்:
பார்த்துவிட்டேன் அண்ணா, 4.10.2222 ஏ. மவுஸைப் பழைய வட்டப் பின் மவுஸாக மாற்றிவிட்டேன். என்னிடம் விண்டோஸ் 10 லேப்டாப் ஒன்று இருக்கிறது.

பழைய பெட்டி:
நல்லது. இனி கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது.

மேக்ஸிமஸ் டெசிம் என்ற புனைபெயரில் ஒருவர் 98 செகண்ட் எடிஷனுக்காக ஒரு பொது யூஎஸ்பி டிரைவர் தொகுப்பைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். என்யூஎஸ்பி என்று தேடுங்கள், 3.3 பதிப்பு போதும். எம்இ-யில் இருந்த சேமிப்பு டிரைவரை 98-க்குக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார். லேப்டாப்பில் இறக்கி, ஆன்டிவைரஸில் சோதித்து, தெரிந்த கடையில் சிடியில் எழுதி வாங்குங்கள். உங்கள் டிரைவ் சிடியைப் படிக்கிறது என்றீர்களே, அது போதும்.

சிடி வந்ததும் உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். நீங்கள் கேன்சல் அடித்தபோதெல்லாம் 98 அந்தப் பென் டிரைவை "தெரியாத சாதனம்" என்று ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் பதிவேட்டில், பதிந்து வைத்துவிட்டது. அடுத்த முறை செருகினால் அந்தப் பழைய பதிவைப் பார்த்து "இது ஏற்கெனவே தெரிந்ததுதான்" என்று பேசாமல் இருந்துவிடும். அதனால்தான் இப்போது டிரைவர்கூடக் கேட்கவில்லை. புது டிரைவர் போட்டாலும் அந்தப் பதிவு இருக்கும்வரை பலன் இராது.

ஆகவே பென் டிரைவைக் கழற்றிவிட்டு சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்திலேயே எஃப்8 தட்டினால் ஒரு பட்டியல் வரும், மூன்றாவது சேஃப் மோட். உள்ளே போய் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். சாதாரண நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத பழைய பதிவுகளும் சேஃப் மோடில் வரிசையாகத் தெரியும். தெரியாத சாதனம் என்று இருப்பவை, பென் டிரைவ் பெயரில் இருப்பவை, மஞ்சள் குறி போட்ட யூஎஸ்பி சமாச்சாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ரிமூவ் செய்யுங்கள். யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் கார்டு எதுவும் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மதர்போர்டில் உள்ள சாதாரண கன்ட்ரோலரையும் ரூட் ஹப்பையும் விட்டுவிடலாம். டிஸ்ப்ளே, பிரிண்டர் போர்ட் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு சாதாரணமாக பூட் செய்து, ஏதாவது டிரைவர் கேட்டால் கேன்சல் கொடுத்து, என்யூஎஸ்பியை ஓட்டி, மறுபடி ரீஸ்டார்ட். அதற்கப்புறம்தான் பென் டிரைவைத் தொட வேண்டும். நடுவில் விண்டோஸ் 98 சிடி கேட்டால் பயப்பட வேண்டாம், பல சிஸ்டங்களில் சி டிரைவில் விண்டோஸ், ஆப்ஷன்ஸ், கேப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் அந்த ஃபைல்கள் இருக்கும்.

அச்சுக்கூடம்:
நேற்று இரவு செய்தேன் அண்ணா. சேஃப் மோடில் பார்த்தால் "தெரியாத சாதனம்" நான்கு முறை இருந்தது! நான்கையும் எடுத்தேன். என்யூஎஸ்பி ஒழுங்காக ஏறியது.

முன்பக்கப் போர்ட்டில் செருகியபோது ஒன்றும் வரவில்லை. பின்பக்கம் மாற்றியதும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் வந்தது, மை கம்ப்யூட்டரில் எஃப் என்று ஒரு டிரைவும் வந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அதைத் திறந்தால் டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று கேட்கிறது. பென் டிரைவில் தங்கை கல்யாண வீடியோ இருக்கிறது. பயந்து "நோ" கொடுத்துவிட்டேன்.

பழைய பெட்டி:
நோ கொடுத்தது ரொம்பச் சரி. டிரைவர் வேலை முடிந்துவிட்டது, இப்போது வந்திருப்பது வேறு பிரச்சினை. அந்த வீடியோ ஒரே ஃபைலாக 4 ஜிபிக்கு மேல் இருக்கும், அதை ஏற்றுவதற்காக யாரோ பென் டிரைவை என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்கிற, பெரிய ஃபைலை ஏற்கும் ஃபார்மட் முறைகளில் ஒன்றுக்கு மாற்றியிருப்பார்கள். சரிதானா? 98-க்கு இரண்டுமே தெரியாது. ஃபேட் 16, ஃபேட் 32 இரண்டைத்தான் படிக்கும்.

வீடியோவை லேப்டாப்பில் காப்பி செய்து, அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த லேப்டாப்பிலேயே ஃபேட் 32 ஆக ஃபார்மட் செய்யுங்கள். 98-ல் செய்ய வேண்டாம். உங்களுடையது 16 ஜிபி என்பதால் பட்டியலில் ஃபேட் 32 இருக்கும், 32 ஜிபியைத் தாண்டினால் அந்த ஃபார்மட் பெட்டியில் அது வராது. டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் முறையிலும் ஒன்று உண்டு: பென் டிரைவைப் புதிய ஜிபிடி முறையில் பிரித்திருந்தாலும் 98 எடுக்காது, பழைய எம்பிஆர் முறைதான் வேண்டும்.

சர்வீஸ்காரர்:
நடுவில் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருட ஹார்ட் டிஸ்க். பென் டிரைவில் காப்பி ஆனதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் இணைப்பான ஐடிஇ-யிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கும். தனி 12 வோல்ட் சப்ளையோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், யூஎஸ்பி கொடுக்கும் 5 வோல்ட் மூன்றரை அங்குல டிஸ்க்குக்குப் போதாது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற மீட்பு நிரலைக் கொண்டு முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜாக, அதாவது முழு நகலாக, எடுத்து வையுங்கள். நாளைக்கு டிஸ்க் போனாலும் அப்பாவின் சிஸ்டத்தை இன்னொரு டிஸ்க்கில் அப்படியே எழுப்பிவிடலாம். டிஸ்க்கில் ஏதாவது வித்தியாசமான சத்தம் வந்தால் பென் டிரைவ் வேலையை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

யாழ் எழுத்து:
நானும் அச்சக வேலைதான், இங்க யாழ்ப்பாணத்தில. எங்கட பழைய ஃபைல் எல்லாம் பாமினி என்ற தமிழ் ஃபொன்டில கிடக்கு. தம்பி, முக்கியமான ஒன்று: ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதேங்கோ, ஃபொன்டையும் சேர்த்து எடுங்கோ. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்தின்ர இடத்தில தமிழ் வடிவத்தை வைச்சுச் செய்தது. ஃபொன்ட் இல்லையென்றால் தலபுராணம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். விண்டோஸுக்குள்ள இருக்கிற ஃபொன்ட்ஸ் ஃபோல்டரோட, சி டிரைவில பிஎஸ்ஃபொன்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கோ என்றும் பாருங்கோ. அடோபி டைப் மேனேஜர் போட்டிருந்தால் டைப் 1 ஃபொன்ட் எல்லாம் அங்கதான் கிடக்கும். நாங்கள் அதை விட்டுட்டு வந்து பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை.

பழைய பெட்டி:
இதை நான் சொல்ல மறந்துவிட்டேன், நன்றி. இன்னொன்றும் உண்டு: லேப்டாப்பிலிருந்து 98-க்கு ஏதாவது கொண்டுபோனால் ஃபைல் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். 98-ல் அது வெறும் கோடுகளாகத் தெரியும், திறக்கவும் திறக்காது. ஆங்கிலத்தில் சின்னதாகப் பெயர் வையுங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பென்டியம் 3 மதர்போர்டில் இருப்பது யூஎஸ்பி 1.1, அதிகபட்சம் வினாடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் வினாடிக்கு ஒரு எம்பிக்கும் குறைவாகத்தான் வரும். 3 ஜிபிக்கு ஒரு மணி நேரம் ஆகும். நின்றுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். முடிந்த பிறகும் கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகானில் நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

அச்சுக்கூடம்:
அண்ணா, வந்துவிட்டது!

தங்கை வீடியோ 5 ஜிபிக்கு மேல் இருந்தது, நீங்கள் சொன்னது போலவே என்டிஎஃப்எஸ். அதை லேப்டாப்பில் ஏற்றி, பென் டிரைவை ஃபேட் 32 ஆக்கி, 98-ல் செருகினேன். எஃப் டிரைவ் காலியாகத் திறந்தது. வருட வாரியாக ஒவ்வொரு ஃபோல்டராகக் காப்பி செய்தோம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. 2001 ஃபோல்டரில் இரண்டு ஃபைல் மட்டும் படிக்க முடியவில்லை என்று நின்றது. அவற்றை விட்டுவிட்டு மற்றதைத் தொடர்ந்தேன்.

சி டிரைவில் பிஎஸ்ஃபொன்ட்ஸ் ஃபோல்டர் இருந்தது. யாழ்ப்பாணத்து அண்ணன் சொல்லாவிட்டால் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். தலபுராணத்தின் தலைப்பு எழுத்து முழுக்க அதற்குள்தான் இருந்தது.

தலபுராணத்தை அச்சிடப்போகும் பிரஸ்ஸில் பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் சாஃப்ட்வேரின் சிஎஸ்6 பதிப்பு வைத்திருக்கிறார்கள். புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்காது, சிஎஸ்6 திறக்கும் என்று அவர்களே சொன்னார்கள். இன்று காலை ஃபொன்ட் போட்டுத் திறந்து பார்த்தோம். 64 பக்கமும் இருக்கிறது, சில இடங்களில் வரி உடைவது மட்டும் மாறியிருக்கிறது. அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தள்ளிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய், 17-ஆம் பக்கத்தில் அன்றைக்கே விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைக் காட்டினார். அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.

படிக்க முடியாத அந்த இரண்டு ஃபைல்களுக்காக, 12 வோல்ட் சப்ளையோடு அடாப்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன். அது வரும்வரை சிஸ்டத்தை ஆன் செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சர்வீஸ்கார அண்ணா, டிடிரெஸ்க்யூ ஓட்டும்போது ஹார்ட் டிஸ்க்கில் ஜம்பர் என்கிற குட்டிச் செருகியை மாஸ்டரில் வைக்க வேண்டுமா?

சர்வீஸ்காரர்:
மாஸ்டரிலேயே வையுங்கள், பெரும்பாலான அடாப்டர்கள் அதைத்தான் எதிர்பார்க்கும். ஜம்பரைத் தொடுவதற்கு முன்னால் அது இப்போது இருக்கும் நிலையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இமேஜ் எடுத்து முடித்து, டிஸ்க்கை சிஸ்டத்தில் திரும்ப மாட்டும்போது அது தேவைப்படும்.