மறு: எண்ணெய் அழுத்த ‘உணரி’: ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். நம் கையேட்டு வரைவின் சொற்பட்டியலில், எஞ்சினின் எண்ணெய் (ஆயில்) அழுத்தத்தைக் காட்ட உதவும் உறுப்புகளுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது. ஸ்விட்ச் என்பது எச்சரிக்கை விளக்குக்கான உறுப்பு, சென்டர் (sender) என்பது டயல் முள்ளுக்கான உறுப்பு.

> ஸ்விட்ச், சென்டர் இரண்டுக்கும் ‘அழுத்த உணரி’ என்றே போட்டுவிடலாம். இரண்டும் எஞ்சினில் ஒரே இடத்தில்தானே மாட்டியிருக்கிறது?

போதாது என்பது என் கட்சி. ஒரே இடம்தான், சரி. பல எஞ்சின்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு அதே துளையில் மற்றதை முறுக்கிவிடவும் முடியும். ஆனால் பழைய வண்டியில் ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டுகிறது என்று ஒருவர் வந்து நின்றால் முதலில் கேட்க வேண்டியதே “சிவப்பு விளக்கு எரிகிறதா, முள் இறங்கியிருக்கிறதா?” என்பதுதான். அதற்கு வருகிற பதிலைப் பொறுத்துத்தான் அடுத்து எதைப் பிரிப்பது என்று முடிவாகும். இரண்டையும் உணரி என்று எழுதி வைத்த கையேடு அந்த இடத்திலேயே படிப்பவரைக் கைவிட்டுவிடும்.

விளக்கோடு இருப்பது வெறும் ஸ்விட்ச். உள்ளே ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு மின் தொடுமுனை, அவ்வளவுதான். எஞ்சின் ஓடாதபோது தொடுமுனை மூடியிருக்கும், அதனால்தான் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறது. எஞ்சின் கிளம்பி அழுத்தம் ஏறினால் சவ்வு தள்ளப்பட்டுத் தொடுமுனை விலகி விளக்கு அணையும். பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரையில், அதாவது இன்னொரு அழுத்த அலகில் ஏறத்தாழ 4 முதல் 7 பி.எஸ்.ஐ.யில், இது நடந்துவிடும். அதற்கு மேலே 1 பாரா, 4 பாரா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. விளக்கு அணைந்திருப்பதால் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஆனால் ஓட்டும்போது விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும், ஸ்விட்ச் கெட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு வரை ஓட்டக் கூடாது.

முள்ளோடு இருப்பது வேறு ஜாதி. அழுத்தம் மாற மாற மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் டயல் முள்ளாகக் காட்டுகிறது. இதில் எல்லாரும் ஒரே அளவைப் பின்பற்றினால் நமக்கு இவ்வளவு பேச்சே வேண்டாம். வி.டி.ஓ. (ஜெர்மன் மானி நிறுவனம்) வகையில் அழுத்தம் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழு அளவில் சுமார் 180 ஓம். அமெரிக்க வண்டிகளில் பரவலாக உள்ள இன்னொரு வகையில் தலைகீழ், அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அளவில் 33 ஓம். மரை பொருந்துகிறதே என்று ஒன்றின் டயலுக்கு மற்றதன் உறுப்பை மாட்டினால் எஞ்சின் நல்லபடி ஓடும், முள் மட்டும் பொய் சொல்லும். வி.டி.ஓ. வகையில் கம்பி அறுந்தால் முள் உச்சிக்குப் போகும், கம்பி உரசி எர்த் ஆனால் பூஜ்யத்தில் படுத்துவிடும். மற்ற வகையில் கம்பி அறுந்தாலே பூஜ்யம். ஒற்றைக் கம்பி வகைகளில் மின்சுற்று முடிவதே மரை வழியாக எஞ்சினில்தான், கசிவு நிற்கட்டும் என்று டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் அந்த எர்த்தும் கெடலாம்.

இதோடு இன்னொன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் மானிகளுக்கு 10 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுக்கும் சிறிய நிலைப்படுத்தி ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள், ஆயில் முள் எல்லாம் சேர்ந்தாற்போல் தவறாகக் காட்டினால் எஞ்சினைத் தொடுமுன் அதைப் பார்க்க வேண்டும்.

> ‘அழுத்த அனுப்பி’ என்றால் மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறதே?

மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான், பொருளுக்கு இல்லை. அந்த உறுப்பு அழுத்தத்தை அனுப்பவில்லை. அழுத்தத்தையே உண்மையில் அனுப்புவது இயந்திர வகை மானி. அதில் எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று ஆயிலையே டயலின் முதுகு வரை கொண்டுவந்துவிடும். அங்கே வளைந்த தட்டைக் குழாய் ஒன்று அழுத்தத்தில் நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் முள். பிரான்சின் யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது, இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘அனுப்பி’யை மின்வகைக்குக் கொடுத்துவிட்டால் இந்தக் குழாயோடு குழம்பும்.

என் பரிந்துரை: விளக்குக்கானது ‘அழுத்த ஆளி’, முள்ளுக்கானது ‘அழுத்த உணர்த்தி’. ஆளி ஈழத்துப் பாடநூல்களில் ஸ்விட்சுக்கு நன்றாக ஊறிய சொல். (ஆளி விதைதான் நினைவுக்கு வருகிறது என்பவர்கள் ஸ்விட்ச் என்றே எழுதிக்கொள்ளட்டும், எனக்கு வழக்கில்லை.) உணர்த்து என்பது பிறவினை. தான் உணர்வதோடு நிற்காமல் டயலுக்கு உணர்த்துகிறது, அதுதான் இதன் வேலை. உணரி, உணர்த்தி இரண்டும் அச்சில் பக்கத்தில் வந்தால் குழப்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். குழப்பலாம். அதனால்தான் எண்ணெய் அழுத்தப் பகுதியில் ‘உணரி’ என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன். புதிய வண்டிகளின் கணினிக்குச் செய்தி சொல்லும் உறுப்புக்கு அது இருக்கட்டும்.

> ‘எண்ணெய் அழுத்தக் குறைவு’ என்ற பதிவு ஏற்கெனவே இருக்கிறது, அதை ஏன் உடைக்க வேண்டும்?

மேலே சொன்னதெல்லாம் அழுத்தம் குறையாமலே குறைவாகக் காட்டும் கதை, அதனால்தான். ‘காட்டுக்குறைவு’, ‘மெய்க்குறைவு’ என்று இரண்டு பதிவு வேண்டும். பிரிப்பது எளிது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருந்தால், உணர்த்தியைக் கழற்றி அதே துளையில் ஒரு இயந்திர மானியை மாட்டி, எஞ்சின் குளிராக இருக்கும்போதும் நன்றாகச் சூடான பிறகும் பார்க்க வேண்டும். இது சரியாகக் காட்டினால் பிரச்சினை மின்பக்கம், காட்டுக்குறைவு. இதுவும் குறைவாகக் காட்டினால் மெய்க்குறைவு.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றுதான் நம் வரைவிலும் எழுதியிருக்கிறோம், அதைத் திருத்த வேண்டும். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். போகிற வழியில் தடை இருந்தால்தான் அழுத்தம். குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதே, அதே கணக்கு. எஞ்சினில் அந்த விரலின் வேலையைச் செய்வது கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய சந்து. 50 மி.மீ. தண்டில் அது சுமார் 0.05 மி.மீ. இருக்கும். அதன் வழியே கசியும் அளவு சந்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். தேய்ந்து சந்து இரட்டித்தால், அதே அழுத்தத்தில் எட்டு மடங்கு ஆயில் வழிந்துபோகும். பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது) முள் இறங்கத்தான் செய்யும். இந்தச் சந்துக்கு ஒருவர் ‘தேய்விடைவெளி’ என்று எழுதியிருந்தார். புது எஞ்சினிலும் அது வேண்டுமென்றே விடப்படும் இடைவெளிதான், தேய்வால் வந்ததல்ல. ‘எண்ணெய் இடைவெளி’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

குளிரில் நன்றாக இருந்து சூடானதும் ஐடிலில் விழுந்தால் பேரிங் தேய்வு அல்லது ஆயில் நீர்த்துப்போனது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் பழைய வண்டிகளின் இயந்திர பெட்ரோல் பம்ப்பில் சவ்வு கிழிந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் பெட்ரோல் இறங்கியிருக்கலாம். குளிரிலும் சூட்டிலும் ஒரேபோலக் குறைவு என்றால் பம்ப், உறிஞ்சு குழாயின் சல்லடை, அல்லது அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் விடுவிப்பு வால்வு திறந்தபடி சிக்கியிருப்பது. திருப்பத்திலோ பிரேக் போடும்போதோ மட்டும் விழுந்தால் பெரும்பாலும் ஆயில் அளவே குறைவு. நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. அதைத் தோராயமாக வைத்துக்கொள்ளலாம், தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். கட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். 10டபிள்யூ-30-க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் முள் ஏறும், ஏனென்றால் பாகுநிலை கூடியதால் சந்தில் கசிவு குறைகிறது. பேரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். குளிரில் கிளம்பும்போது கட்டி ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமும் ஆகும். மானிக்குச் செய்கிற வைத்தியம் என்று இதை வரைவில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன், யாராவது கடுமையைக் குறைத்துத் தந்தாலும் சரி.

ஆக, ‘அழுத்த உணரி’ பதிவை எடுத்துவிட்டு அழுத்த ஆளி, அழுத்த உணர்த்தி, காட்டுக்குறைவு, மெய்க்குறைவு, எண்ணெய் இடைவெளி ஆகிய ஐந்தையும் சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு. விடுவிப்பு வால்வு என்ற பெயரில் எனக்குப் பிடிவாதம் இல்லை, வால்வை ‘ஓரதர்’ என்ற சொல்லாக்கத்துக்கு மாற்ற வேண்டாம், அவ்வளவே. ‘அனுப்பி’ வேண்டும் என்பவர்கள் மறுமொழி எழுதும்போது, இயந்திர மானியின் செம்புக் குழாய்க்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.