டேட்டா ட்ராஃபிக் ஏறிக்கொண்டே போகிறது, வருமானம் அசையவில்லை. என்ன வழி?

செல்பிளானர்:
மொபைல் நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். ட்ராஃபிக் வருஷா வருஷம் ஏறுகிறது, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வரும் வருமானம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. டிபிஐ கருவி (டேட்டா பாக்கெட்டுகளின் உள்ளே பார்த்து எந்த ஆப் என்று கண்டுபிடிப்பது) வாங்கி வீடியோவைக் கட்டுப்படுத்தலாம், அப்புறம் ஆப் வாரியாக பேக் விற்கலாம் என்கிறார்கள் மேலே. இது நடைமுறையில் தேறுமா?

அலைவரிசை:
முதலில் செலவு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். மாதத்துக்கு மொத்தம் எத்தனை ஜிபி என்பதல்ல, நெரிசல் நேரத்தில் நெரிசலான செல்கள் (டவர் ஒவ்வொன்றும் சேவை தரும் பகுதிகள்) நிரம்பி வழிவதுதான் உங்களைப் புதிய கேரியர் (கூடுதல் ஸ்பெக்ட்ரம் துண்டு), புதிய டவர் என்று செலவழிக்க வைக்கிறது. விடியற்காலையில் ஒருவர் 20 ஜிபி இறக்கினாலும் உங்களுக்குக் கூடுதல் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. இன்னொருவர் இரவு ஒன்பது மணிக்கு செல்லின் ஓரத்தில் இருந்து 2 ஜிபி வீடியோ பார்த்தால், சிக்னல் பலவீனமாக இருப்பதால் அதே அளவு டேட்டாவுக்கு அதிக ஸ்பெக்ட்ரம் போகிறது, அந்த செல்லில் இருக்கும் எல்லோருக்கும் வேகம் விழுகிறது. ஜிபி கணக்கில் மட்டும் விலை வைத்தால் இந்த இரண்டு பேரும் உங்கள் பில்லிங்கில் தலைகீழாகத்தான் தெரிவார்கள்.

பாக்கெட்கோர்:
டிபிஐ பற்றி நேராகவே சொல்கிறேன், அதை நம்பி பெரிய பணம் போடாதீர்கள். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் 1.3 வந்தது 2018-இல், டேட்டாவை அனுப்பும் புதிய நெறிமுறையான குயிக் தரநிலையானது 2021-இல். குயிக், யூடிபி என்ற எளிய அனுப்பும் முறையின் மேல் ஓடுகிறது, உள்ளே எல்லாம் மறையாக்கம். நடுவில் நின்று வீடியோவைச் சுருக்கும் பழைய ப்ராக்ஸி சர்வர்களுக்கு அங்கே வேலையே இல்லை. சர்வர் பெயரை வைத்து ஓரளவு வகை பிரிக்கலாம், அதையும் மறைக்கும் வசதி பரவி வருகிறது. மொத்த வேகத்துக்கு வரம்பு வைத்தால் போதும், பிளேயர் தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நடுநிலை:
ஆப் பேக் விஷயத்தில் சட்டத்தையும் பாருங்கள். குறிப்பிட்ட ஆப்களின் டேட்டாவைக் கணக்கில் சேர்க்காத திட்டங்கள் எல்லா ஆப்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிக்கு முரண் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. அதை விட, வேக அடுக்குகளாக விற்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. எந்த ஆப் என்று பார்க்கவே வேண்டாம், பிசிஆர்எஃப்-இல் (வாடிக்கையாளருக்கான வேக விதிகளை முடிவு செய்யும் நெட்வொர்க் பகுதி) ஒரு விதி போதும். ஸ்லைசிங்கை (நெட்வொர்க்கில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்து ஒதுக்குவது) தொழிற்சாலை, நேரலை ஒளிபரப்பு போன்றவர்களுக்கு விற்கலாம், சாதாரண வாடிக்கையாளர் அதற்குத் தனியாகப் பணம் தருவார் என்று நான் நம்பவில்லை.

செல்பிளானர்:
நன்றி. செல் வாரியாக நெரிசல் நேரக் கணக்கை எடுத்துக்கொண்டுதான் அடுத்த கூட்டத்துக்குப் போகப் போகிறேன். வேக அடுக்கில் ஒரு சந்தேகம்: நெரிசலான செல்லில் வாக்களித்த வேகமே கிடைக்காதபோது, மேல் அடுக்குக்குப் பணம் கட்டியவருக்கு என்ன பதில் சொல்வது? முன்னுரிமை கொடுத்தால் கீழ் அடுக்கில் இருப்பவர்கள் மொத்தமாகப் பட்டினி கிடப்பார்களே?

அலைவரிசை:
ஷெட்யூலரில் (செல்லில் யாருக்கு எவ்வளவு ஸ்பெக்ட்ரம் என்று பிரித்துக் கொடுக்கும் பகுதி) முழு முன்னுரிமை கொடுக்காதீர்கள், விகிதமாக எடை கொடுங்கள். கீழே இருப்பவர்களுக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கு நிற்கும்.