உண்ணிக் காய்ச்சலோடு கண்ணில் யூவைட்டிஸ்: நாய்க்கு மூன்று சொட்டு மருந்து, எதை எப்போது விடுவது?

ஸ்பிட்ஸ்வீடு

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பிட்ஸ் பெண் நாய், 6 வயது, 9 கிலோ. இடது கண் சிவந்து, எந்நேரமும் சுருக்கிக்கொண்டே இருக்கிறது. கருவிழி புகை படிந்த மாதிரி தெரிகிறது. டாக்டர் ஃபுளோரசின் சாயம் விட்டுப் பார்த்துப் புண் இல்லை என்றார். யூவைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்று எழுதியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல், அதாவது எர்லிக்கியா பாசிட்டிவ். அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள்.

கண்ணுக்கு மூன்று சொட்டு: பிரெட்னிசோலோன் அசிடேட் 1% தினம் 4 வேளை, கெட்டோரோலாக் 0.5% தினம் 3 வேளை, அட்ரோபின் 1% தினம் ஒரு வேளை. கெட்டோரோலாக் கடையில் இல்லை. "டைக்ளோஃபெனாக் சொட்டு இருக்கிறது, அதுவும் இதே வேலைதான்" என்கிறார் கடைக்காரர். டைக்ளோஃபெனாக் மிருகங்களுக்குத் தடை செய்த மருந்து இல்லையா?

என் சந்தேகங்கள்: எதை முதலில் விடுவது, நடுவில் எவ்வளவு இடைவெளி? பாட்டிலைக் கண்டாலே உறுமுகிறது, விட்ட சொட்டில் பாதி வெளியே வழிகிறது. இன்னொரு சொட்டு விடலாமா? வீட்டில் பூனையும் உண்டு, அதற்கும் ஒரு கண் சிவந்திருக்கிறது. இதே மருந்தை அதற்கும் விடலாமா?

சொட்டுக்கணக்கு

வழிகிறதே என்று இன்னொரு சொட்டு விடாதீர்கள். நாயின் கண்ணிமைக்குள் தங்குவது ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். ஆக, சரியாக விழுந்தாலும் கொஞ்சம் வழியத்தான் செய்யும். கண்ணில் விழவே இல்லை, கன்னத்தில்தான் விழுந்தது என்று தெரிந்தால் மட்டும் மறுபடி விடுங்கள்.

இடைவெளி குறைந்தது 5 நிமிடம். உடனே அடுத்ததை விட்டால் முதல் மருந்தை அது கழுவித் தள்ளிவிடும். வரிசைக்கு ஒரே விதி: தெளிந்த நீர் மாதிரி இருப்பது முதலில், கலங்கலாக இருப்பது அடுத்து, களிம்பு இருந்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில். களிம்பை முதலில் போட்டுவிட்டால் அதன் மேல் சொட்டு ஒட்டாது. உங்கள் பட்டியலில் அட்ரோபினும் கெட்டோரோலாக்கும் தெளிவானவை, பிரெட்னிசோலோன் அசிடேட் பால் மாதிரி கலங்கல். அந்தப் பாட்டிலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் ஆரம்பத்தில் வெறும் தண்ணீர்தான் இறங்கும், மருந்து அடியில் தங்கி, பாட்டில் தீரும் சமயம் மொத்தமாக வரும். "ஒரு வாரம் விட்டும் குறையவில்லை" என்று சொல்லப்படுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இனி பிடிக்கும் முறை. பாட்டிலை முகத்துக்கு நேரே கொண்டுபோவதுதான் உறுமலுக்குக் காரணம். நாயை வழுக்காத பாய் மேல், பின்பக்கம் சுவர் மூலையில் இருக்கும்படி உட்காரவையுங்கள். பின்னால் நகர இடம் இருக்கக் கூடாது. நீங்கள் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் அல்லது பின்னால் இருங்கள்.

முதலில் பீளையைத் துடைக்க வேண்டும். பீளை மேல் விட்ட மருந்து பீளையோடு போய்விடும். மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9% நார்மல் சலைனில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம்.

இடது கையால் தாடையை அடியிலிருந்து தாங்கி மூக்கை மேல்நோக்கித் தூக்குங்கள். அதே கையின் கட்டைவிரலால் கீழிமையை லேசாக இழுங்கள். வலது கையில் பாட்டில். அந்தக் கையின் அடிப்பாகம் நாயின் நெற்றி மேல் ஊன்றியிருக்க வேண்டும், சுண்டுவிரல் பக்கத்தால் மேலிமையைத் தூக்கிக்கொள்ளலாம். ஊன்றிய கை நாய் தலையை ஆட்டினால் கூடவே ஆடும். பாட்டில் முனை கண்ணைக் குத்தாது. மேலிருந்து, கண்ணுக்கு 1 முதல் 2 செ.மீ. உயரத்தில் பிடித்து, வெள்ளை தெரியும் இடத்தில் ஒரே சொட்டு. கருவிழியின் நடுவில் விழுந்தால் அதிகம் கூசும். முனை கண்ணையோ முடியையோ தொட்டுவிட்டால் கிருமி உள்ளே போய்விடும். அப்புறம் அந்தப் பாட்டிலை விடும் ஒவ்வொரு முறையும் கிருமியையும் சேர்த்து விடுவீர்கள்.

விட்ட பிறகு தலையை ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள், தானாக இமைக்கட்டும். தேய்க்க வேண்டாம். உடனே கொஞ்சம் கோழி ஈரல் கொடுங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் கொடுக்க வேண்டும், கடைசிச் சொட்டுக்கு மட்டும் அல்ல. கடிக்கிற அளவுக்குப் போனால் கூடை வடிவ வாய்மூடி போட்டுக்கொள்ளலாம், துணியால் வாயைக் கட்டி மூச்சை அடைக்காதீர்கள்.

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து அடக்காதீர்கள். கழுத்து இறுகினால் கண் அழுத்தம் ஏறும். நடத்திக் கூட்டிப்போகவும் இப்போதைக்கு மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான். பக், ஷிட்சூ வகை என்றால் இது இன்னும் முக்கியம். அவற்றின் கண் குழி ஆழமில்லாதது, இறுக்கிப் பிடித்தால் விழி வெளியே பிதுங்கி வந்துவிடவும் கூடும்.

காலால் கண்ணைத் தேய்த்தால் கூம்பு காலர் மாட்டுங்கள். அட்ரோபின் விட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாமல் உங்கள் கண்ணைத் தேய்த்தால் உங்கள் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

கால்நடை_கண்

முறை சரியாகச் சொல்லியிருக்கிறார், அதைத் தொடவில்லை. எனக்கு உறுத்துவது கெட்டோரோலாக்தான்.

ஸ்பிட்ஸ்வீடு, ரத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், எவ்வளவு என்று முதலில் பாருங்கள். நாய்க்குச் சாதாரணமாக 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்க வேண்டும். எர்லிக்கியா பிளேட்லெட்டைக் குறைக்கும் நோய். கெட்டோரோலாக், டைக்ளோஃபெனாக், ஃபுளுர்பிபுரோஃபென் எல்லாம் ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்துகள். பிளேட்லெட் ஒட்டுவதையும் இவை கொஞ்சம் தடுக்கும். எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்திருக்கும் நாயின் கண்ணுக்குள் அழற்சியும் இருக்கும்போது, உள்ளே ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். கருவிழிக்குப் பின்னால் சிவப்பாகத் தேங்கி நின்றால் அதுதான். மருந்து எழுதியபோது ரிப்போர்ட் வந்திருந்ததா, சாயம் பார்த்த அன்றே எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது. எழுதியது தவறு என்று சொல்ல வரவில்லை. போன் செய்து எண்ணிக்கையைச் சொல்லி, "கெட்டோரோலாக் தொடங்கலாமா?" என்று கேளுங்கள். ஸ்டீராய்டும் (பிரெட்னிசோலோன்) அட்ரோபினும் சொன்னபடி தொடரட்டும், அவற்றை நிறுத்தாதீர்கள்.

டைக்ளோஃபெனாக் தடை பற்றி: 2006-ல் இந்தியாவில் தடையானது கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக். ஊசி போட்ட மாடு செத்தபின் அதன் இறைச்சியைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததுதான் காரணம். மனிதருக்கான 0.1% கண் சொட்டை நாய்க்குக் கண் மருத்துவர்கள் எழுதுவது உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் மேலே சொன்ன பிளேட்லெட் கேள்வி அதற்கும் அப்படியே பொருந்தும். கடைக்காரர் முடிவு செய்யும் விஷயம் அல்ல இது.

கடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெட்னிசோலோன் அசிடேட் இல்லையென்றால் "டெக்ஸா சொட்டு தரேன்" என்பார்கள். டெக்ஸாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட் கருவிழியைத் தாண்டி உள்ளே போவது குறைவு. யூவைட்டிஸுக்கு மருந்து உள்ளே போயாக வேண்டும். அதேபோல மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் தனியாகவும் வரும், ஸ்டீராய்டு கலந்தும் வரும், கெட்டோரோலாக் கலந்தும் வரும். அட்டையின் நிறமும் பெயரும் ஒன்றுபோல இருக்கும், கடைசியில் ஓரிரு எழுத்துதான் மாறும். பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துச் சேர்க்கையையும் சதவீதத்தையும் படியுங்கள்.

புண் இல்லை என்று சாயம் பார்த்துச் சொன்னது அன்றைய நிலவரம். ஸ்டீராய்டு விடும் காலத்தில் நாய் கண்ணைக் கீறிக்கொண்டால் புண் ஆறாது, கருவிழி கரைந்து ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். ஸ்டீராய்டு அல்லாத அழற்சிச் சொட்டுகளும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துபவைதான், "ஸ்டீராய்டு இல்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம். கண்ணை முன்பைவிட அதிகம் சுருக்கினாலோ, மூன்றாம் இமை (மூக்கோரத்தில் இருக்கும் உள் இமை) மேலேறி மூடினாலோ, பச்சைப் பீளை வந்தாலோ சொட்டை நிறுத்திவைத்து அன்றே காட்டுங்கள். மறுபடி சாயம் பார்க்க வேண்டும்.

கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நாய்க்கு ஏறக்குறைய 10 முதல் 25 மி.மீ. பாதரசம். யூவைட்டிஸில் இது இறங்கியிருக்கும். இறங்க வேண்டிய நேரத்தில் 25-ஐத் தாண்டி இருந்தால் யூவைட்டிஸின் விளைவாகக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) தொடங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும், அப்போது அட்ரோபினையும் நிறுத்துவார்கள். வீட்டில் தெரியும் அடையாளம்: விழி பெரிதாகி, நீலம் பாய்ந்து, நாய் சாப்பிடாமல் ஒடுங்கிப் படுத்துவிடும். இதற்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

சென்னைப் பக்கம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு.

பூனைத்திண்ணை

பூனைக் கேள்விக்கு மட்டும். விடாதீர்கள்.

பூனையின் கண் சிவப்புக்குப் பெரும்பாலும் பூனை ஹெர்ப்பிஸ் வைரஸ்தான் காரணமாக இருக்கும். குட்டியில் சளி பிடித்து ஆறிய பூனைகளில் அது நரம்பில் ஒளிந்துகொண்டே இருக்கும். அதில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் வைரஸ் கிளம்பி, கருவிழியில் கிளை கிளையாகப் புண் வரும். சாயம் பார்க்காமல் எந்த அழற்சிச் சொட்டும் பூனைக்குக் கிடையாது. ஒருவர் கண்ணில் பட்ட முனையை இன்னொருவருக்குப் பயன்படுத்துவதும் கூடாது.

நாயிடமும் கவனிக்க ஒன்று: கண்ணில் விட்ட அட்ரோபின் கண்ணீர்க் குழாய் வழியாகத் தொண்டைக்கு இறங்கும், கடுங்கசப்பு. விட்டதும் வாயில் நுரை தள்ளினால் விஷம் என்று பதறாதீர்கள், தண்ணீர் வையுங்கள். பூனைகளுக்கு இது இன்னும் அதிகம்.

பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். முழுப் பாட்டில் கெட்டோரோலாக்கை நாய் கடித்துக் குடித்தால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கேடு வரை போகும். மனிதர்கள் கண் சிவப்புக்கு வாங்கும் நாஃபசோலின் சொட்டும் அப்படித்தான், அதில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாகும்.

ஸ்பிட்ஸ்வீடு

மூவருக்கும் நன்றி. ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 64,000. டாக்டரிடம் சொன்னேன், கெட்டோரோலாக் இப்போதைக்கு வேண்டாம், மற்ற இரண்டும் தொடரட்டும், ஒரு வாரத்தில் மறுபடி எண்ணிப் பார்க்கலாம் என்றார். ஹார்னஸும் சுவர் மூலையும் உதவுகின்றன, உறுமல் குறைந்திருக்கிறது. அட்ரோபின் விட்ட கண்மணி மறுநாளும் பெரிதாகவே இருக்கிறது, பரவாயில்லையா? ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? கண் வெள்ளையாகிவிட்டால் ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

கால்நடை_கண்

நல்லது. 64,000 இருக்கும்போது மூட்டு வலி, காய்ச்சல் என்று மெலாக்சிகம் மாதிரி மாத்திரையும் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் அதே குடும்பம். ஈறிலோ வயிற்றுத் தோலிலோ சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

கண்மணி நாள்கணக்கில் விரிந்தே இருக்கும், அதற்காகத்தான் அந்த மருந்து. கண்மணியின் ஓரம் பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டாமல் விரித்து வைக்கிறது. உள்தசைப் பிடிப்பைத் தளர்த்தி வலியைக் குறைக்கிறது. அதுவரை உச்சி வெயிலில் கூட்டிப்போக வேண்டாம், கண் கூசும். கண்ணீர் சுரப்பும் குறையும், கண் வறண்டு ஒட்டுகிற மாதிரி தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.

மறந்த வேளையை நினைவு வந்ததும் விடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுத்தள்ளுங்கள், இரட்டிப்பு வேண்டாம். 4 வேளையை விழித்திருக்கும் நேரத்தில் பிரித்துக்கொள்ளலாம்: காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 9 என்று.

நான் முன்பு சொன்ன ஆபத்து அடையாளங்கள் இல்லாதவரை, ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வெளியே வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே அழற்சி அடங்கியிருக்காது; டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தால்தான் தெரியும். சட்டென நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். அவர் சொல்லும் நாட்களில் 4, 3, 2, 1 என்று படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். 9 கிலோ உடம்பில் இந்தச் சொட்டும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தால் தெரிவியுங்கள். சர்க்கரை நோய் உள்ள நாய் என்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சொட்டுக்கணக்கு

5 மி.லி. பாட்டில் ஒரு கண்ணுக்கு 4 வேளை என்றால் ஒரு மாதத்துக்கு வரும். திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதுங்கள். 28 நாள் ஆனால், மிச்சம் இருந்தாலும், அட்டையில் காலாவதி அடுத்த வருடம் என்று இருந்தாலும், எறிந்துவிட வேண்டும். இறக்குவதற்கு அதிக நாள் ஆகும்போது புதுப் பாட்டில் வாங்கவேண்டி வரும், அப்போதும் அதே பிரெட்னிசோலோன் அசிடேட் 1% தானா என்று பார்த்து வாங்குங்கள்.