குளச்சலில் கடலோரக் கட்டடத்திற்கு எந்தப் பூட்டு முறை ஏற்றது?

கேள்வி (குளச்சல்):
கீழே கடைகளும் மேலே வாடகை வீடுகளும் உள்ள எங்கள் கட்டடத்திற்கு, ஒவ்வொருவருக்கும் தனிச்சாவியும் எனக்கு எல்லாக் கதவையும் திறக்கும் மாஸ்டர் சாவியும் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

மறுமொழி (நாகர்கோவில்):
பூட்டின் கனத்தைவிட, சாவியின் நகலை யார் எடுக்க முடியும் என்பதையே முதலில் கேளுங்கள். காப்புரிமை உள்ள சாவி என்றால், உரிமையாளர் அட்டையைக் காட்டினால்தான் நிறுவனம் நகல் வெட்டித் தரும். அந்தக் காப்புரிமை காலாவதியானபின் வெற்றுச்சாவி (இன்னும் வெட்டப்படாத சாவி) வெளிச்சந்தையில் கிடைத்துவிடலாம் என்பதால், முடியும் ஆண்டையும் விசாரியுங்கள். பூட்டில் சாவி நுழைந்து சுழலும் பகுதியான சிலிண்டருக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1303, சாவி சார்ந்த பாதுகாப்பை 1 முதல் 6 வரை வகுக்கிறது, 6 உயர்ந்தது.

மறுமொழி (தக்கலை):
மாஸ்டர் சாவி வசதிதான், ஆனால் பலவீனமும் அதுவே. உள்ளே சிறு ஊசிகள் (pin) கொண்ட சாதாரணப் பூட்டில், ஒரு தனிச்சாவியையும் அது திறக்கும் பூட்டையும் வைத்தே மாஸ்டர் சாவியின் வெட்டுகளைக் கண்டறியலாம் என்று அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மாட் பிளேஸ் 2003இல் விளக்கினார். ஆகவே கடைகளை வீடுகளின் மாஸ்டரில் சேர்க்காதீர்கள், ஐயா.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உப்புக்காற்றில் முந்தைய பூட்டுகள் இறுகிவிட்டனவே?

மறுமொழி (நாகர்கோவில்):
பித்தளை சிலிண்டரும், 316 ரக எவர்சில்வர் வெளிப்பாகங்களும் கேளுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் நம் ஊர்ப் பழக்கம் வேண்டாம். அது தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். தயாரிப்பாளர் சொல்லும் உலர் மசகே போதும். மாடிப்படி வெளிவாசல், தீ விபத்தின்போது உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும்.