மோதிரம் கழன்று விழுகிறது: எம்.எஸ். இருந்தால் இளைப்பது சகஜமா?

மெதுநடை:
எனக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய், என்று தெரிந்து 9 வருடம் ஆகிறது. போன வாரம் கை கழுவும்போது மோதிரம் வழுக்கி வாஷ்பேசினுக்குள் போய்விட்டது. அதன் அடியில் இருக்கும் குழாயைக் கழற்றித்தான் எடுத்தோம். அப்புறம்தான் எடை பார்த்தேன். 50 கிலோ. 5 மாதத்துக்கு முன்னால் 58. ‘இளைத்து அழகாகிவிட்டாய்’ என்று பார்ப்பவர்களெல்லாம் சொன்னதை நானும் நம்பித் தொலைத்திருக்கிறேன்.

வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. சாப்பிடுகிற வேலைதான் என்னால் முடியவில்லை. வலது கை நடுங்குவதால் கரண்டி வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில். பத்து வாய் போனதும் தாடை ஓய்ந்துவிடும். அதற்குள் தட்டில் இருப்பது ஆறி, பார்க்கவே பிடிக்காமல் போகும். ‘போதும்’ என்று நகர்த்திவிடுவேன். பசியே இல்லை போல என்று வீட்டில் நினைக்கிறார்கள். பசி இருக்கிறது, தெம்புதான் இல்லை.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சிறுநீரை அடக்க முடியாததால், வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை.

நரம்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நடக்கச் சொல்லிப் பார்ப்பார். எடை பார்க்கும் மெஷினில் ஒருநாளும் ஏறச் சொன்னதில்லை. இந்த நோயில் இதெல்லாம் சகஜமா, இல்லை நான்தான் அலட்டிக்கொள்கிறேனா?

தட்டும் தராசும்:
அலட்டல் இல்லைங்க. நான் உணவியல் நிபுணர், நரம்பு நோயாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். 58-இல் 8 கிலோ என்றால் கிட்டத்தட்ட 14 சதவீதம். பிரிட்டனில் பயன்படுத்தும் ‘மஸ்ட்’ என்ற சத்துக்குறைவு மதிப்பீட்டில், 3 முதல் 6 மாதத்துக்குள் தானாக 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே அதிக ஆபத்துப் பட்டியலில் வந்துவிடுவீர்கள். எல்லாவற்றையும் எம்.எஸ். தலையில் கட்டிவிடாதீர்கள். தைராய்டு, மனச்சோர்வு, மாத்திரைகள் என்று வேறு காரணம் இருக்கிறதா என்றும் டாக்டர் பார்க்கட்டும்.

தண்ணீரைக் குறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மலச்சிக்கல் வரும், வயிறு கல்லாகிக் கிடக்கும்போது சாப்பாடு எப்படி இறங்கும்? சிறுநீர்த் தொற்றுக்கும் அது வழி. அடக்க முடியாததற்குத் தனியாக மருந்தும் பயிற்சியும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

உடல் தெம்பாக இருக்கும் நேரத்தில் முக்கியமான சாப்பாட்டை வையுங்கள். பலருக்கு அது காலை. மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரியுங்கள். அளவு சிறிதாகவே இருக்கட்டும், புரதமும் கலோரியும் கூடட்டும்.

ஒரு கேள்வி: குடிக்கும்போது இருமல் வருகிறதா? குடித்தபின் குரல் ஈரமாக, கரகரவென்று மாறுகிறதா?

சக்கரநாற்காலிக்காரன்:
சகோதரி, என் எடை 92 கிலோ. எனக்கும் சத்துக்குறைவு என்றபோது சிரித்தேன். உட்கார்ந்தே இருந்ததில் தசை கரைந்து கொழுப்பு ஏறியிருக்கிறது, தராசு அதைக் காட்டவில்லை. முதுகின் அடியில் வந்த படுக்கைப்புண் 4 மாதமாக ஆறாமல் கிடந்தபோதுதான் புரதம் போதவில்லை என்று பிடித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் முழுக்க, எம்.எஸ்.ஸைக் குணமாக்கும் என்று யாரோ சொன்ன உணவுமுறைக்காக ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனேன். நோயைக் குணப்படுத்தும் உணவு என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. விலக்கியதில் போனது என் தசைதான்.

அரைத்தூக்கம்:
என் கணவருக்கு இதே நடுக்கம். கைப்பிடி தடித்த கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்வது. இவ்வளவுதான் செய்தோம். நான் ஊட்டினால் நாலு வாயோடு எழுந்துவிடுகிற மனிதர், இப்போது தானே முடிக்கிறார். நேரம் ஆகும், நான் கடிகாரம் பக்கம் திரும்புவதில்லை.

மெதுநடை:
எல்லோருக்கும் நன்றி. தட்டும் தராசும், தண்ணீர் குடித்தால் எனக்கு அடிக்கடி புரையேறும். ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தட்டும் தராசும்:
முதலில் அதைப் பாருங்கள். விழுங்குவதையும் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) அனுப்பச் சொல்லுங்கள். நீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை இழுத்துவிடும், சிலருக்கு இருமல்கூட வராமல் போகும். தண்ணீரைக் கெட்டிப்படுத்தும் பொடியை நீங்களாக வாங்கிக் கலக்க வேண்டாம், எந்தப் பதம் என்று அவர்கள் சொல்லட்டும். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, சிறுசிறு மடக்காக.

மெதுநடை:
சரி. வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். உள்ளே போனதும் முதல் வேலை, எடை பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.