அம்பாசிடர் மார்க் 2: இசுசு 5 கியர் பாக்ஸ் ஏத்தும்போது ரிவர்ஸ் லைட் சுவிட்ச்

மார்க்2கோவை:
வணக்கம். வண்டி மார்க் 2. பழைய 1489 சிசி எஞ்சினையும், ஸ்டீயரிங் பக்கத்துல லீவர் இருந்த பழைய கியர் பாக்ஸையும் எடுத்தாச்சு. 1817 சிசி இசுசு எஞ்சினும் அதோட 5 கியர் ஃப்ளோர் ஷிஃப்ட் பாக்ஸும் ஏறப்போகுது. பாக்ஸ் இன்னும் கீழேதான் இருக்கு. ரிவர்ஸ் சுவிட்ச் இருக்க வேண்டிய ஓட்டையில யாரோ வெறும் போல்ட்டை ஏத்தி அடைச்சிருக்காங்க. என்ன சுவிட்ச் வாங்கணும், கரண்ட் எங்கிருந்து எடுக்கணும், ரிலே வேணுமா? பின்னாடி பம்பருக்குக் கீழ 21 வாட் பல்பு போட்ட வெள்ளை லைட் ரெண்டு வைக்கறதா இருக்கேன்.

பச்சைவயர்:
பாக்ஸ் கீழே இருக்கறப்பவே கேட்டது நல்லதாப் போச்சு தம்பி. மேல ஏத்தின பிறகு அந்தச் சுவிட்சுக்கு ஸ்பேனர் போட கை நுழையாது. அதனால சுவிட்ச் வேலையைத் தரையிலேயே முடிச்சு, மல்டிமீட்டர்ல பார்த்து, அப்புறம் ஏத்துங்க.

முதல்ல பேட்டரி. இசுசு எஞ்சின்ல வர்றது ஆல்டர்னேட்டர், அதுக்கு நெகட்டிவ் எர்த்துதான், அதாவது பேட்டரியோட நெகட்டிவ் முனைதான் பாடியில இருக்கணும். உங்க வண்டியில பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில இருந்தா அதை மாத்தாம எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்கிற டயோடு உடனே போயிடும். மாத்தும்போது அம்மீட்டர் வயர் ரெண்டையும் இடம் மாத்துங்க, இல்லைன்னா முள் தலைகீழாக் காட்டும்.

அடுத்து கரண்ட். 21 வாட் ரெண்டு சேர்ந்தா 42 வாட், சுமார் 3.5 ஆம்பியர். இதுக்கு ரிலே வேண்டாம், சுவிட்சே தாங்கும். வயர் 1 சதுர மி.மீ. போதும். 55 வாட் ஹாலஜன் ரெண்டு போடறவங்களுக்குத்தான் ரிலே, 2.5 வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ் எல்லாம்.

சப்ளை இக்னிஷன் சாவி போட்டா மட்டும் வர்ற இடத்துல எடுங்க. சரிவுல வண்டியை ரிவர்ஸ் கியர்ல விட்டு நிறுத்தறது நம்ம ஊர்ல வழக்கம். நேரா பேட்டரியில இருந்து எடுத்தா ராத்திரி 8 மணி நேரத்துல 28 ஆம்பியர் ஹவர் இறங்கிடும், காலையில ஸ்டார்ட்டர் சுத்தாது.

இங்கேதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பழைய லூகாஸ் கம்பெனி ஃபியூஸ் பெட்டியில ரெண்டே ஃபியூஸ். ஏ4 முனையில இருந்து கிளம்பற பச்சை வயர்லதான் வைப்பர், பெட்ரோல் கேஜ், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம். ரிவர்ஸ் லைட்டையும் அதுலயே நேரா மாட்டினா, பின்னாடி ஒரு வயர் உரசி பாடியில தொட்டாலும் அந்த ஒரே ஃபியூஸ் போகும். அதோட பிரேக் லைட்டும் செத்துடும். ஓட்டறவருக்குத் தெரியாது, பின்னாடி வர்ற லாரிக்காரருக்கும் தெரியாது. அதனால ஏ4-ல இருந்து எடுத்தாலும், பெட்டிக்குப் பக்கத்துலயே தனியா 7.5 ஆம்பியர் இன்லைன் ஃபியூஸ் ஒண்ணு வைங்க. ஃபியூஸ் தாண்டி சுவிட்ச் வரைக்கும் பச்சை வயர், சுவிட்ச்ல இருந்து பின் லைட்டுக்குப் பிரவுன் கோடு போட்ட பச்சை. லூகாஸ் முறையில ரிவர்ஸ் லைட்டுக்கு அந்த நிறம்தான். நாளைக்கு வேற எலக்ட்ரீஷியன் பார்த்தாலும் புரியும்.

மரைக்காரன்:
சுவிட்ச் வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டையை அளந்துடுங்க. அடைச்சிருக்கிற போல்ட்டை நம்பாதீங்க, தப்பான பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) உள்ள போல்ட்டைத் திருகி ஏத்தியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. வெர்னியர்ல ஓட்டையோட உள்விட்டம் பாருங்க. 12.4 மி.மீ. வந்தா 14-க்கு 1.5, அதாவது சுவிட்ச் மரை 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச். 12.6, 12.7 வந்தா 14-க்கு 1.25. 10.6, 10.7 வந்தா 12-க்கு 1.25. உறுதி பண்ண பிட்ச் கேஜ் வைங்க. பாக்ஸ் கூடு அலுமினியம், சுவிட்ச் ஸ்டீல். 1.5 மரைக்குள்ள 1.25 சுவிட்ச் ரெண்டு சுத்து கையாலேயே போகும், மூணாவது சுத்துல இறுகும். "டைட்டா இருக்கு"ன்னு ஸ்பேனர் போட்டா மரை சீவிடும்.

ரெண்டு முனை உள்ள சுவிட்சா பார்த்து வாங்குங்க. ஒரே முனை உள்ளது பாடி வழியா எர்த் ஆகற வகை, உங்க வயரிங்குக்கு ஒத்துவராது. கையில வச்சு மீட்டர்ல பாருங்க: சும்மா இருக்கும்போது தொடர்பு இருக்கக்கூடாது, குமிழை அழுத்தினா 1 ஓமுக்குக் கீழ காட்டணும்.

அடியில செம்பு வாஷர் கட்டாயம். எண்ணெய் கசியாம இருக்க மட்டும் இல்லை, சுவிட்ச் எவ்வளவு ஆழம் இறங்கணும்னு தீர்மானிக்கறதே அதுதான். தடியா இருந்தா குமிழ், பாக்ஸுக்குள்ள கியரை நகர்த்தற செலக்டர் ராடை எட்டாது, ரிவர்ஸ் போட்டாலும் லைட் எரியாது. வாஷரே இல்லைன்னா எப்பவும் எரியும். கையால இறுகினதுக்கு அப்புறம் கால் சுத்து போதும்.

மார்க்2கோவை:
நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். ரெண்டு சிக்கல். ஒண்ணு, போல்ட்டைக் கழட்டினா வாய்ப்பக்கம் முதல் ரெண்டு மரை நசுங்கியிருக்கு. இன்னொண்ணு, கைக்குக் கிடைச்ச சுவிட்சை வாஷர் இல்லாம மெதுவா ஏத்திப் பார்த்தேன். நியூட்ரல்லயும் மீட்டர் சத்தம் போடுது (தொடர்பு இருக்குன்னு காட்டுது), ரிவர்ஸ்லயும் போடுது. சுவிட்ச் வகையே தப்பா?

மரைக்காரன்:
வகை தப்பா இருந்தா நியூட்ரல்ல சத்தம் வரும், ரிவர்ஸ்ல நிக்கும். ரெண்டுலயும் வருதுன்னா ஆழம்தான் அதிகம், குமிழ் எப்பவும் ராடு மேல உக்காந்திருக்கு. அப்படியே விட்டா ஓட ஓட உரசித் தேயும், சில சுவிட்ச்ல முனையில இருக்கிற குண்டே கழண்டு பாக்ஸுக்குள்ள விழும். 1 மி.மீ. வாஷர் ஒண்ணு போட்டுப் பாருங்க, இன்னும் சத்தம் வந்தா இன்னொண்ணு. நியூட்ரல்ல லீவரை ரிவர்ஸ் பக்கம் லேசா சாய்ச்சு ஆட்டினாலும் சத்தம் வரக்கூடாது. 1-ல இருந்து 5 வரைக்கும் ஒவ்வொரு கியரா போட்டுப் பாருங்க. கடைசியில சுவிட்ச் மரை குறைஞ்சது 4 சுத்தாவது பிடிச்சிருக்கணும்.

நசுங்கின மரைக்கு அதே பிட்ச் டேப்பை (மரை வெட்டற கருவி) கையாலேயே விட்டு எடுங்க. டேப்போட பள்ளத்துல கிரீஸ் அப்பிக்கிட்டா சீவல் அதுல ஒட்டும், உள்ள விழாது. அரை சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்கற மாதிரி பாக்ஸைச் சாய்ச்சு வச்சுக்குங்க. மரை முழுசா போயிருந்தா லேத் பட்டறையில ஹெலிகாயில் (புது மரையா வேலை செய்யற கம்பிச் சுருள்) போட்டுத் தருவாங்க. எம்சீல் வச்சு ஒட்டற வேலை மட்டும் வேண்டாம்.

பச்சைவயர்:
ஏத்தறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. லீவருக்காக டனலை (கியர் பாக்ஸுக்கு மேல தரையில இருக்கிற தகர மேடு) வெட்டுவீங்க இல்லையா, அப்போ சுவிட்சும் வயரும் வர்ற பக்கம் தகரத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையற இடைவெளி விடுங்க. எஞ்சின் ரப்பர் மவுண்ட்ல ஆடும்போது சுவிட்ச் முனை தகரத்துல தட்டினா அதுவே ஷார்ட். நேரா மேல கார்ப்பெட்டுக்குக் கீழ 75 மி.மீ. ஓட்டை போட்டு ரப்பர் மூடி வச்சா, அடுத்த தடவை பாக்ஸை இறக்காமலேயே சுவிட்ச் மாத்தலாம்.

சுவிட்ச்ல இருந்து ஒரு சாண் வயர் விட்டு, கனெக்டர் போட்டு, அப்புறம் மெயின் வயர். பாக்ஸை இறக்கும்போது கனெக்டரைப் பிரிச்சா போதும். சைலன்சர் குழாய் போற பக்கம் வயரைக் கொண்டுபோகாதீங்க, எதிர்ப்பக்க சேசிஸ் ஓரமா ஸ்லீவ் போட்டு 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். டிக்கிக்குள்ள நுழையற இடத்துல ரப்பர் குரோமெட் இல்லாம விடவே விடாதீங்க.

எர்த்தை லைட் நட்டை நம்பி விடாம, டிக்கித் தரையில பெயிண்ட் சுரண்டின இடத்துல தனி கருப்பு வயரா முடிங்க. இண்டிகேட்டர் போடும்போது ரிவர்ஸ் லைட் மங்கலா மினுக்கினா, வேற எங்கேயும் தேட வேண்டாம், எர்த்தைத்தான் பார்க்கணும்.

மார்க்2கோவை:
டேப் விட்டாச்சு, மரை சுத்தமா வந்துடுச்சு. ஒரு வாஷர்ல நியூட்ரல் சத்தம் நின்னுச்சு, ஆனா லீவரை ரிவர்ஸ் பக்கம் சாய்ச்சா விட்டு விட்டு வந்தது. ரெண்டாவது வாஷர் போட்ட பிறகு ரிவர்ஸ் முழுசா விழுந்தா மட்டும்தான் வருது, 0.4 ஓம். மரை 6 சுத்து பிடிச்சிருக்கு. நாளைக்கு டனல் வெட்டறேன், அந்த மூடி ஓட்டையையும் சேர்த்து.

மரைக்காரன்:
சரியா இருக்கு. ரெண்டு வாஷர் அடுக்கினா நடுவுல எண்ணெய் கசிய வாய்ப்பு இருக்கு. அந்த ரெண்டோட மொத்தத் தடிமன் அளந்து, அதே தடிமன்ல ஒரே செம்பு வாஷரா லேத்துல கடைஞ்சு வாங்கிடுங்க. அதை மாட்டின பிறகு மறுபடி ஒரு தடவை மீட்டர்ல பார்த்துட்டு ஏத்துங்க.