பத்துக் குடும்பங்களுக்கான நிதி: பணம் சேர்க்கும் முன் மேன்முறையீடு

அன்பின் உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசுமக் கொடுப்பனவு கிடைக்காத எங்கள் ஊரின் பத்துக் குடும்பங்களுக்கு ஊர்ச் சங்கம் மாதம் பத்தாயிரம் ரூபா வீதம் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் எழுதிய மடலையும், அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் ஆறுதலாக இருந்து வாசித்தேன். பணம் தருவதற்கு நான் பின்னிற்கவில்லை. என் பங்கை எழுதிக்கொள்ளுங்கள். ஆயினும் அந்தப் பத்தில் குறைந்தது நான்கு குடும்பங்கள் பட்டியலில் இடம்பெறாமல் போனதற்கு இந்தக் குழுவில் இருக்கும் நாங்களே காரணம் என்பதைச் சித்திரை மாதம் ஊருக்குப் போனபோது கண்ணால் கண்டேன். அந்த நால்வருள் முதலாவது என் சொந்த மாமி.

அப்பாவின் வீட்டை மாமி பன்னிரண்டு வருடங்களாகப் பார்த்து வருகிறா என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இதுதான்: முன் விறாந்தையும் நான்கு அறைகளும் பூட்டியபடியே இருக்கின்றன, 74 வயதான அவ, குசினியிலும் அதற்குப் பக்கத்து அறையிலும் மட்டும் சீவிக்கிறா. நான் சொல்லாமல் போன அன்று மத்தியானம் சோறும் முருங்கையிலைச் சுண்டலும்தான் சமைத்திருந்தா; மீன் வாங்கி ஒரு மாதம் இருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறகு சொன்னது. நான் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "ஒரு குறையும் இல்லை தம்பி" என்றே மாமி சொல்லி வந்திருக்கிறா.

அடுத்த நாள் அவவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். விண்ணப்பம் ஏன் தெரிவாகவில்லை என்று கேட்டதற்கு, அங்கிருந்த உத்தியோகத்தர் கணினியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். சுவர் கல், கூரை ஓடு, நிலம் சீமெந்து, கிணறு வளவுக்குள், நீர் இறைக்கும் மோட்டர் உண்டு, வீடு சொந்தம். வாசிக்க வாசிக்க எனக்கு முகம் சுட்டது. அவர் வாசித்தது மாமியின் நிலைமையை அல்ல, என் வீட்டை. கணக்கெடுக்க வந்த பிள்ளை கண்டதை எழுதியிருக்கிறது. வீடு யாருடையது என்பதை விளக்கிச் சொல்ல மாமிக்குக் கூச்சம், அதற்கு ஆதாரமாகக் காட்ட அவவிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

முந்திய அரச உதவித் திட்டமான சமுர்த்திக் காலத்து நினைப்பில் சிலர் பதில் எழுதியிருப்பதால், இப்போதைய முறையைச் சொல்லிவிடுகிறேன். 1995இல் தொடங்கிய சமுர்த்தியில் அந்தந்த இடத்து உத்தியோகத்தரின் கையில் பட்டியல் இருந்தது. ஆளைத் தெரிந்தவருக்குக் கிடைத்தது, தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை என்ற குறை எந்நாளும் இருந்தது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஆடி மாதம் தொடங்கிய அஸ்வெசும புள்ளி முறையில் நடக்கிறது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலைமை, குடும்பத்தின் அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்து ஒவ்வொரு குடும்பத்தையும் அளக்கிறார்கள். அளந்தபின் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்து, தொடக்கத்தில் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று மாதக் கொடுப்பனவை வைத்தார்கள். 2025 தை மாதத்திலிருந்து வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் என உயர்ந்திருக்கிறது. சங்கம் பத்துக் குடும்பங்களுக்குக் கொடுக்க நினைக்கும் தொகையும் அந்தப் பத்தாயிரம்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆளைப் பார்க்காமல் புள்ளியைப் பார்ப்பது நல்ல நோக்கத்தோடு வந்த முறை என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் எங்கள் ஊரைப் போல, உரிமையாளர் ஐந்து நாடுகளில் இருக்க வீட்டைக் காப்பதற்கு ஏழை உறவினர் ஒருவர் குடியிருக்கும் ஊருக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை. மின்சாரப் பாவனையும் கணக்கில் வருகிறது. கள்ளர் பயத்துக்கு முன் விளக்கு இரண்டும் விடிய விடிய எரிய வேண்டும் என்று சொன்னவன் நான். கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்றுகள் காயாமல் இருக்க நாள்தோறும் மோட்டர் போடச் சொன்னவனும் நான். அந்த மின்கட்டணத்தை மாதாமாதம் கட்டுவதும் நானே; ஆனால் பாவித்த அலகுகள் அவ்வளவும் மாமியின் கணக்கிலேயே ஏறின.

மொன்றியல் பெரியப்பா, எங்கள் ஊர்ச் சனம் அரசாங்கத்திடம் கையேந்தி நிற்பது எங்களுக்கு அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1987இல் எங்கள் குடும்பத்தை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்பதை நான் மறந்தவன் அல்லன். அந்த மரியாதையோடு கேட்கிறேன். கனடாவில் 65 வயது ஆனதும் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கிறோம். வருமானம் குறைந்தவர்கள் அதற்கு மேல் உதவித்தொகையும் பெறுகிறார்கள். 18 வயதுக்குப் பின் பத்து வருடங்கள் அங்கே வாழ்ந்திருந்தால் போதும் என்பதற்காகக் கடவுச்சீட்டையும் பழைய வாடகைப் பற்றுச்சீட்டையும் தேடி எடுத்துக் கொடுத்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? அதை யாரும் கையேந்துதல் என்று சொன்னதில்லை. உரிமை என்றே சொன்னோம். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டி எழுபது வருடங்கள் அந்த மண்ணிலேயே இருந்த மனிசிக்கு மட்டும் அது பிச்சையாகிவிடுமா?

சூரிச் அண்ணர் கேட்ட கணக்கு நியாயமானது. நூல்நிலையக் கூரைக் கணக்கு முடிவாகாமல் புதிய நிதி தொடங்கக் கூடாது என்பதில் நானும் உங்களுடன் நிற்கிறேன். அதே கண்ணோடு இதையும் பாருங்கள். பத்துக் குடும்பங்களுக்கு மாதம் பத்தாயிரம் என்றால் வருடத்துக்கு 12 இலட்சம் ரூபா. அதில் நான்கு குடும்பங்கள் மேன்முறையீட்டில் வென்றால், 4,80,000 ரூபா, எந்த வகையிலும் அடங்காமல் உண்மையிலேயே தவிக்கும் வேறு நான்கு வீடுகளுக்குப் போகும். எங்கள் சேர்ப்பு இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும் என்பதும் அனுபவத்தில் கண்டதுதான். பாலர் பாடசாலை ஆசிரியையின் சம்பளத்துக்கு என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஊரில் வீடு வைத்து அதில் உறவினரை இருத்தியிருக்கும் ஒவ்வொருவரும், வீடு தன்னுடையது, இருப்பவர் வாடகையின்றி அனுமதியின் பேரில் இருக்கிறார், மின்கட்டணத்தைக் கட்டுவது தான் என்று ஒரு சத்தியக்கடதாசி எழுதி, நொத்தாரிசிடமோ தூதரகத்திலோ உறுதிப்படுத்தி, காணி உறுதியின் பிரதியோடு அனுப்ப வேண்டும். அதை இணைத்து அவர்கள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யட்டும். மேன்முறையீட்டுக்குக் கால எல்லை உண்டு. அறிவித்தல் வரும் நாளை கிராம அலுவலரிடம் கேட்டு வைக்க ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குவோம். பொய் எழுதும்படி நான் யாரையும் கேட்கவில்லை. நாங்கள் அனுப்பும் பணம் எவ்வளவு என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். மாமிக்கு நான் அனுப்பியது தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் என்பதை எழுதும்போது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகவும், வலுவிழந்தோருக்கும் சிறுநீரக நோயாளருக்குமான கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. குடும்பம் அஸ்வெசுமவில் தெரிவாகவில்லை என்றவுடன் இவையும் இல்லை என்று ஊரில் பலர் சும்மா இருந்துவிட்டார்கள். தனியாகக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

குளத்தடிச் சின்னம்மாவின் நிலைமை வேறு. அவவிடம் அடையாள அட்டையே இல்லை. பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போவதால், அடையாள அட்டை இல்லாமல் கணக்குத் திறக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் போய்விட்டது. சித்தப்பா 2009இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் அவர் இறந்ததாகத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சின்னம்மா இன்றுவரை மறுத்து வருகிறா. குடும்பத் தலைவர் யார் என்ற இடத்தில் ஒவ்வொரு படிவத்திலும் இதனால் இழுபறி. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதை அவவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல இங்கே தகுந்தவர் ஒஸ்லோ அத்தான் ஒருவர்தான். வேலிப் பிரச்சினைக்குப் பிறகு அந்த வீட்டோடு நீங்கள் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும், அத்தான். இருந்தும் நீங்கள்தான் பேச வேண்டும். சித்தப்பா உங்களைத்தான் கடைசியாகச் சந்தித்தவர்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. பட்டியலில் வந்த பெயருக்கு எதிராக யாரும் ஆட்சேபனை கொடுக்கலாம். தெரிவான இரண்டு குடும்பங்களுக்கு எதிராக "வெளிநாட்டுக் காசு வருகிறது" என்று எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் ஊரில் இருப்பவர். எழுதச் சொன்னவர் இந்தக் குழுவில் இருப்பவர் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மை என்றால் அவரே அதைத் திருப்பி எடுக்கும்படி எழுதட்டும். நான் பெயர் கேட்கப்போவதில்லை.

என் சத்தியக்கடதாசியையும் உறுதிப் பிரதியையும் செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். முன் விளக்கு இரண்டையும் அணைத்துவிடும்படியும் பெரிய அறையைத் திறந்து அங்கே படுக்கும்படியும் மாமியிடம் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டா, அறையை இன்னும் திறக்கவில்லை. வீடு வைத்திருக்கும் மற்ற மூவரும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுதினால், சத்தியக்கடதாசியின் மாதிரியை அன்றே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து, தலைமையாசிரியர் வீட்டு இளையவன்